வாட்டர்லூக் கிராமங்களில் ஓர் இலையுதிர்காலச் சனிக்கிழமை

கேட்கப்பட்ட கேள்வி இது. ஸ்காபரோவில் வசிக்கும் ஒரு குடும்பம், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் இரண்டு சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, செப்டெம்பர் இறுதியிலோ ஒக்டோபர் தொடக்கத்திலோ ஒருநாள் கிராமப்புறம் போய்வர விரும்புகிறது. கையால் அப்பிள் பறிக்க வேண்டும், அந்த மண்ணின் சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பொழுதுபோக்குப் பூங்காவைப் போல அமைந்த பண்ணை வேண்டாம். எங்கே, எப்போது, எப்படிப் போகலாம் என்பது கேள்வி.

ரொறன்ரோவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 120 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் வாட்டர்லூ பிராந்தியத்துக்கு, அதிலும் வாட்டர்லூ நகரத்தைத் தாண்டியுள்ள வுல்விச், வெல்லஸ்லி என்னும் இரண்டு டவுன்ஷிப்புகளுக்கு, அதாவது கிராமப்புற உள்ளூராட்சிப் பகுதிகளுக்குப் போங்கள் என்பதே என் பதில். அப்பிளை மட்டும் கருதினால் ஒன்ராறியோவில் இதைவிடப் பேர்பெற்ற இடங்கள் உண்டு. ஜோர்ஜியன் விரிகுடாவை ஒட்டிய தோர்ன்பரி, மீபோர்ட் பகுதி, ஈரி ஏரிக்கு அருகிலுள்ள நோர்போக், ஒன்ராறியோ ஏரிக்கரையில் கோல்போர்ன், பிரைட்டன் ஆகிய ஊர்கள் எல்லாம் பெரிய அப்பிள் நிலங்கள். பெரிய நீர்ப்பரப்பு பக்கத்தில் இருப்பதே அதற்குக் காரணம். வசந்தத்தில் குளிர்ந்த ஏரி பூப்பதைத் தாமதப்படுத்திப் பூக்களை உறைபனியிலிருந்து காக்கிறது. இலையுதிர்காலத்திலோ கோடையில் சேர்த்துவைத்த வெப்பத்தை மெல்ல வெளியிட்டு, முதல் உறைபனியைச் சில நாள்களாவது தள்ளிப்போடுகிறது. ஆனாலும் நீங்கள் கேட்டது அப்பிளோடு சாப்பாட்டையும். பழத்தோட்டம், சீஸ், புகையிட்ட இறைச்சி, மேப்பிள் பாகு, பூசணி, வீட்டு அடுப்பில் சுட்ட, மாவுக்குள் பழம் வைத்த பை (pie) எல்லாம் இருபது முப்பது கிலோமீற்றர் வட்டத்துக்குள், அவற்றை விளைவிப்பவர்களின் கையிலிருந்தே கிடைக்கும் இடமாக வாட்டர்லூவை நான் எப்போதும் முதலில் சொல்வேன்.

நாளைத் தெரிவு செய்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இலைகளின் நிறத்தைப் பார்த்து நாள் குறிப்பவர்கள் நன்றியறிதல் நாளை ஒட்டிய வார இறுதியில் கிளம்புகிறார்கள். ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை அந்த விடுமுறை. மேப்பிள் இலைகள் அப்போது சிவந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் 401 நெடுஞ்சாலையும் பழத்தோட்டத்து வாகனத் தரிப்பிடமும் ஆண்டிலேயே மிக நெரிசலாக இருப்பதும் அந்த மூன்று நாள்களில்தான். அதைவிட முக்கியமாக, எந்தப் பழம் வேண்டும் என்பதைப் பொறுத்தே உங்கள் வாரம் அமைய வேண்டும். மக்கின்ரொஷ், காலா ஆகியவை செப்டெம்பர் நடுப்பகுதியை ஒட்டிப் பறிப்புக்கு வரும். ஹனிகிறிஸ்ப், கோர்ட்லண்ட், எம்பயர் ஆகியவை செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் முதல் வாரத்திலும் வரும். நோதேர்ன் ஸ்பை, ஐடா ரெட் போன்ற பிந்திய இனங்களுக்கு ஒக்டோபர் நடுப்பகுதிவரை பொறுக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு இது ஒரு வாரம் முன்பின்னாக நகரும். ஆகவே புறப்படுவதற்கு முதல்நாள் தோட்டத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, இந்த வாரம் எந்த இனத்துக்குத் தோட்டம் திறந்திருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். திறந்திருக்கிறதா என்று மட்டும் கேட்பது போதாது. முந்திய வார இறுதியில் வந்த கூட்டம் குறிப்பிட்ட ஓர் இனத்தை முழுமையாகப் பறித்து முடித்திருக்கக்கூடும். பழமே இல்லாத ஆண்டும் உண்டு. 2012இல் மார்ச் மாதம் வழக்கத்துக்கு மாறாகச் சூடாக இருந்ததால் மரங்கள் முன்கூட்டியே பூத்துவிட்டன. ஏப்ரலில் வந்த உறைபனி அந்தப் பூக்களைக் கருக்கியதில் ஒன்ராறியோவின் அப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ 80 சதவீதம் அழிந்தது.

உங்கள் வசதிக்கு நான் பரிந்துரைப்பது செப்டெம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. வெல்லஸ்லி கிராமத்தில் அப்பிளைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் அப்பிள் பட்டரும் சீஸும் மையமாகிய விழா நடப்பது அந்த நாளில்தான். செயின்ட் ஜேக்கப்ஸ் கமக்காரர் சந்தையும் சனிக்கிழமைகளில் கூடும். அந்த நாள் சரிவராவிட்டால் சந்தை கூடும் இன்னொரு நாளான வியாழக்கிழமையைப் பாருங்கள். கூட்டமும் குறைவாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அந்த நிலத்தின் கமங்களில் பல மெனனைற் என்னும் கிறிஸ்தவப் பிரிவினருடையவை. ஞாயிறு அவர்களுக்கு வழிபாட்டுக்கும் ஓய்வுக்கும் உரிய நாள். வீட்டு வாசலில் முட்டை, தேன், பூசணி விற்பனைக்கு உண்டு என்று எழுதிய பலகையின் அடியிலேயே ஞாயிறு விற்பனை இல்லை என்றும் எழுதியிருக்கும்.

அந்த மக்களைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால், தட்டில் வருவது இன்னும் நன்றாக விளங்கும். பிரித்தானிய ஆளுநர் ஹல்டிமண்ட் 1784 ஒக்டோபர் 25ஆம் நாள், கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறாறு மைல் அகல நிலத்தை, அமெரிக்கப் புரட்சிப்போரில் தம் தாயகத்தை இழந்த ஹோடினோஷோனி மக்களுக்கு, அதாவது ஆறு தேசங்கள் எனப்படும் பூர்வகுடிக் கூட்டமைப்புக்கு வழங்கிப் பிரகடனம் செய்தார். இன்று அதில் மிகச் சிறிய பங்குதான் அவர்களிடம் எஞ்சியிருக்கிறது. அந்த நிலத்தில், வாட்டர்லூ நகரம் இன்று நிற்கும், இரண்டாம் தொகுதி என்று பெயரிடப்பட்ட பகுதி கைமாறிச் சென்று, 1805இல் 60,000 ஏக்கராகப் பென்சில்வேனியாவிலிருந்து வந்த மெனனைற் குடும்பங்களின் கைக்கு வந்தது. அவர்களில் முதலாமவர்கள் 1800ஆம் ஆண்டளவிலேயே கூண்டு வண்டிகளில் வந்து குடியேறியிருந்தார்கள். இவர்கள் ஜேர்மன் மொழி பேசிய, போருக்குப் போக மறுக்கும் சமயத்தவர். 1889இல் சமூகத்துக்குள் பிளவு ஏற்பட்டபோது, பழைய ஒழுங்கைக் கைவிட மறுத்தவர்களே இன்று குதிரை வண்டியில் போவதை நீங்கள் காணப்போகிறவர்கள். அவர்களுக்கு நெருங்கிய இன்னொரு பிரிவினர் கார் ஓட்டுவார்கள், ஆனால் கறுப்புக் கார் மட்டும்.

சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் சேர்த்து விளைவிக்கும் முறை இந்த ஆற்றங்கரையில் ஹோடினோஷோனி மக்களுடையது. சோளத்தண்டில் அவரை படரும். அவரையின் வேரில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும். பூசணியின் அகன்ற இலை நிலத்தை மூடிக் களையையும் ஈரம் போவதையும் தடுக்கும். வெள்ளைச் சோளத்தைக் கடினமரச் சாம்பல் கரைத்த நீரில் அவித்துத் தோல் நீக்கி, அவரையும் இறைச்சியும் சேர்த்து ஆக்கும் சோளச் சூப்பு இன்றும் அவர்களின் வீடுகளிலும் விழாக்களிலும் உண்டு. கிராண்ட் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள ஆறு தேசங்களின் நிலப்பகுதிக்கு இன்னொரு நாள் போக வாய்த்தால் தேடிக் குடியுங்கள். ஜேர்மன் உணவைப் பற்றி மட்டும் பேசி இந்த மண்ணின் கதையை முடித்துவிடுகிற வழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல.

இனி அந்த நாளுக்கு வருவோம். ஸ்காபரோவிலிருந்து காலை ஆறரைக்குள் கிளம்பிவிட்டால், எட்டரை மணியளவில் சந்தையில் நிற்கலாம். காலைச் சாப்பாட்டை வீட்டில் முடிக்காமல் வாருங்கள். செயின்ட் ஜேக்கப்ஸ் கிராமத்துக்குத் தெற்கே, வாட்டர்லூ நகரின் விளிம்பில் இருக்கும் இந்தச் சந்தை 1975இல் தொடங்கியது. 2013 செப்டெம்பரில், தொழிலாளர் நாளன்று அதிகாலையில் மூண்ட தீயில் இரண்டு மாடி மரக்கட்டடம் முற்றாக எரிந்துபோனது. ஆனாலும் அந்த வாரமே வெளிக்கடைகளில் விற்பனை நடந்தது. 2015இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. பயணிகளின் கூட்டம் பெருகியதால் இங்கே எங்கோ வாங்கிவந்து விற்கும் கடைகளும் நிறைய இருக்கின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். வெளியில் திறந்த வெளியில் இருக்கும் மரக்கறிக் கடைகளில் முதலில் நில்லுங்கள். மேசையில் அன்னாசியும் வாழைப்பழமும் இருந்தால் அது மொத்தச் சந்தையில் வாங்கி விற்பவரின் கடை. மண் ஒட்டிய கரட், லீக்ஸ், பீற்றூட், மூன்று நான்கு வகை உருளைக்கிழங்கு, ஒழுங்கற்ற அளவில் பூக்கோசு, இவற்றோடு வேறெதுவும் இல்லாத மேசையே நீங்கள் தேடுவது. எங்கே விளைந்தது என்று கேளுங்கள். தானே விளைவித்தவர் சாலையின் பெயரைச் சொல்லிப் பதில் தருவார்.

சந்தைக்குள் அப்பிள் பொரிக்கும் கடையில் வரிசை எப்போதும் நீளமாகவே இருக்கும். அப்பிளைக் குறுக்கே வட்டமாக வெட்டி, நடுவைத் துளைத்து எடுத்துவிட்டு, மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்து, சூட்டோடு கறுவாச் சீனியில் புரட்டித் தருவார்கள். ஆறவிடாமல் நின்றபடியே சாப்பிட வேண்டிய பண்டம் அது. மாவின் மொறுமொறுப்பும் உள்ளே குழைந்தும் குழையாமலும் இருக்கும் பழத்தின் புளிப்பும் ஐந்து நிமிடம்தான் தங்கும். பிள்ளைகளுக்கு ஒன்றைப் பகிர்ந்து கொடுங்கள், ஏனென்றால் அன்றைக்கு இன்னும் இனிப்பு வரும்.

சமர் சொசேஜ் என்பது இந்தப் பிரதேசத்தின் அடையாள உணவு. மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் அரைத்து, உப்பிட்டு, துணிப்பையில் அடைத்து, சற்றுப் புளிக்கவைத்து, மேப்பிள் மரப்புகையில் நாள்கணக்கில் தொங்கவிட்டுச் செய்கிறார்கள். குளிரூட்டி இல்லாத காலத்தில் குளிர்காலத்தில் அடித்த இறைச்சியைக் கோடைவரை வைத்திருப்பதற்கான வழி அது. மெல்லிய தகடாக வெட்டி, சுவைபார்க்கக் கொடுப்பார்கள். மாட்டிறைச்சி உண்ணாத பெற்றோருடன் போகிறவர்கள் இதில் கவனமாக இருங்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், கேட்டுத்தான் வாங்க வேண்டும். சைவ உணவுக்காரருக்கு இந்த ஊரில் குறை இல்லை. தயிரிலிருந்து நீரை வடித்தெடுத்த கட்டியைச் சில நாள்கள் வெப்பமான இடத்தில் முதிரவைத்து, பின்பு வெண்ணெயும் அப்பச்சோடாவும் சேர்த்து மெல்லிய தீயில் உருக்கிச் செய்யும் கொக்கேசே என்ற பதார்த்தம், பளபளப்பாக, கரண்டியில் எடுத்தால் நூல்போல இழுபடும். மணம் சற்றுத் தூக்கலாக இருக்கும். முதல் வாயில் பிடிக்காமல் போகலாம், பாணில் தடவி அதன்மேல் அப்பிள் பட்டரையும் தடவிச் சாப்பிட்டுப் பாருங்கள். புளித்த பாலின் உப்பும் பழத்தின் இனிப்பும் சேருவது இந்த மக்களின் பழைய ருசி.

பத்தரை மணியளவில் சந்தையை விட்டு மேற்கே வெல்லஸ்லிக்குப் போங்கள். இருபது கிலோமீற்றர்தான், ஆனால் சாலையின் இருபுறமும் அறுவடைக்குக் காத்திருக்கும் சோளமும் சோயாவும், பெரிய தானியக் கொட்டகைகளும், வீட்டுக்கு வெளியே நீளக் கம்பியில் வரிசையாகக் காயும் கருநிற உடைகளும் இருப்பதால் மெதுவாகவே ஓட்டத் தோன்றும். அப்படித்தான் ஓட்டவும் வேண்டும். மேட்டின் மறுபக்கம் குதிரை வண்டி போய்க்கொண்டிருக்கலாம். பின்னால் செம்மஞ்சள் முக்கோணம் தெரிந்தவுடன் வேகத்தைக் குறைத்து, எதிரே வாகனம் இல்லாத இடத்தில் நன்றாக விலகி முந்துங்கள். ஒலிப்பானை அடிக்க வேண்டாம், குதிரை மிரளும். வண்டியில் இருப்பவர்களின் முகத்தைப் படம் எடுக்க வேண்டாம். படம் எடுக்கப்படுவதை அவர்கள் விரும்புவதில்லை என்பது சமய நம்பிக்கையோடு தொடர்புடையது. நம் ஊர்க் கோயில் மூலஸ்தானத்தை யாராவது படம் எடுக்க முனைந்தால் நமக்கு எப்படி இருக்குமோ, அந்த மரியாதையை இங்கேயும் கொடுத்துவிட்டால் போதும்.

வெல்லஸ்லி விழாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத்தவர்கள். காலையில் பான்கேக் உணவு, பழைய ட்ராக்டர்கள், கைவினைப் பொருள்கள் எல்லாம் உண்டு. எனக்கு அவற்றைவிட முக்கியம் பெரிய செப்புக் கொப்பரையில் அப்பிள் பட்டர் காய்ச்சும் வேலைதான். பிழிந்த அப்பிள் சாறான சைடரை முதலில் கொதிக்கவைத்துச் சுண்டவிடுகிறார்கள். பாதியாகக் குறைந்தபின் தோல் சீவி நறுக்கிய பழத்துண்டுகளைச் சேர்க்கிறார்கள். அதற்குப் பிறகு கையை எடுக்கவே முடியாது. நீண்ட கைப்பிடியின் முனையில் செங்குத்தாகப் பொருத்திய மரத் துடுப்பால், அடிப்பிடிக்காமல் மணிக்கணக்கில் கிளறுகிறார்கள். அனல் முகத்தில் அடிக்காமலிருக்கத்தான் கைப்பிடி அவ்வளவு நீளம். ஒருவர் களைத்தால் அடுத்தவர் துடுப்பை வாங்கிக்கொள்கிறார், துடுப்பு ஒரு கணமும் நிற்பதில்லை. பொன்னிறமாக இருந்த சாறு செம்பழுப்பாகி, பின்பு கரும்பழுப்பாகிறது. குமிழ்கள் சிறிதாக இருந்தது போய், பெரிதாக எழும்பி அடங்கும் சத்தம் கேட்கத் தொடங்கும்போது கறுவாவும் கராம்பும் சேர்ப்பார்கள். தட்டில் ஒரு துளி விட்டுச் சரித்துப் பார்த்து, ஓரத்தில் நீர் பிரியாவிட்டால் பதம் வந்துவிட்டது என்று இறக்குகிறார்கள். பாலோ வெண்ணெயோ சேராத உணவு இது. சைடரே இனிப்பைத் தருவதால் நல்ல அப்பிள் பட்டருக்குச் சீனி மிகக் குறைவாகத்தான் தேவைப்படும். வாங்கும்போது போத்தலின் பின்பக்கம் பாருங்கள். முதற்பொருளாக அப்பிளும் சைடரும் இருந்தால் வாங்குங்கள், சீனி முன்னால் இருந்தால் வைத்துவிடுங்கள்.

சைடரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒன்ராறியோவில் இலையுதிர்காலத்தில் தோட்டங்களில் விற்கப்படும் இனிப்புச் சைடர் மதுவல்ல. வடிகட்டாமல் கலங்கலாக, பழுப்பு நிறத்தில் இருக்கும் புதுச்சாறு அது. ஆனால் சூடாக்கிக் கிருமி நீக்காத சைடரும் சில இடங்களில் விற்பனைக்கு உண்டு. நிலத்தில் விழுந்த பழத்தோடு ஈ-கோலை போன்ற கிருமிகள் அதில் கலந்துவிடும் ஆபத்து இருக்கிறது. சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோருக்குப் பாஸ்ச்சரீகரித்தது என்று எழுதியிருப்பதை மட்டும் கொடுங்கள். எழுதியிருக்காவிட்டால் வாங்கிவந்து, வீட்டில் ஒருமுறை நன்றாகக் கொதிக்கவைத்து, இரண்டு துண்டு கறுவாவும் ஒரு இஞ்சித் துண்டும் போட்டுக் கொடுக்கலாம். அது இன்னும் நன்றாகவே இருக்கும்.

பிற்பகலைப் பழத்தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் காய்ந்திருக்கும், பிள்ளைகள் விழுந்தாலும் சேறாகாது. இப்போதைய அப்பிள் மரங்கள் ஏணி தேவைப்படாத அளவுக்குக் குட்டையானவை. மரத்தின் உயரத்தைக் கட்டுப்படுத்தும் வேர்த்தண்டின்மேல் ஒட்டி, கம்பியில் கட்டி வளர்க்கப்படுகின்றன. அதனால் ஐந்து வயதுப் பிள்ளையும் எண்பது வயதுத் தாத்தாவும் நின்ற இடத்திலேயே பறிக்கலாம். பறிக்கும் முறையைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே காட்டிக்கொடுங்கள். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேலே உயர்த்தி, சற்றுத் திருப்பினால் முற்றியது தானாகக் கழன்றுவரும். இழுக்கக்கூடாது. இழுத்தால் பழத்தோடு அதன் அடியில் இருக்கும் குட்டையான கிளைமுடிச்சும் பிய்ந்துவரும், அதில்தான் அடுத்த ஆண்டுக்கான மொட்டு இருக்கிறது. சிவப்பை மட்டும் பார்த்து முற்றியதா என்று முடிவு செய்யவும் முடியாது. பகலில் வெயிலும் இரவில் குளிரும் இருந்தால் தோல் சிவக்கும், நிழலில் தொங்கும் பழம் முற்றினாலும் சிவக்காது. சிவப்பு இல்லாத இடத்தில் தெரியும் அடிநிறம் இலைப்பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஐயமாக இருந்தால் ஒன்றை வெட்டிப் பாருங்கள், விதை வெள்ளையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் பறிக்கலாம். தரையில் விழுந்த பழத்தைச் சுற்றிக் குளவிகள் மொய்க்கும் என்பதால் செருப்புப் போடாமல் சப்பாத்துப் போட்டுப் போகவும்.

மக்கின்ரொஷ் மரம் கிடைத்தால் அதில் கொஞ்சமேனும் பறியுங்கள். இந்த மாகாணத்தின் கிழக்கே, டன்டெலா என்ற இடத்தில் 1811இல் காட்டை வெட்டித் துப்புரவாக்கிக் கொண்டிருந்த ஜோன் மக்கின்ரொஷ் என்ற குடியேற்றக்காரர், தானாக முளைத்திருந்த கன்றுகளைக் கண்டு பெயர்த்து நட்டார். அவற்றில் ஒன்றுதான் நிலைத்தது. அப்பிள் விதையிலிருந்து வரும் மரம் தாய்மரத்தைப் போல இராது. ஆகவே உலகில் உள்ள ஒவ்வொரு மக்கின்ரொஷ் மரமும் அந்த ஒற்றை மரத்திலிருந்து ஒட்டுக்கு ஒட்டாக வந்ததே. 1894இல் பக்கத்திலிருந்த வீடு தீப்பற்றியபோது அந்த மரத்தின் ஒரு பக்கம் கருகியது, அதன் பிறகும் பல ஆண்டுகள் காய்த்தது. எம்பயர், கோர்ட்லண்ட் இரண்டும் மக்கின்ரொஷின் பிள்ளைகள்தாம். மரத்தடியில் கடித்துச் சாப்பிட மக்கின்ரொஷ் சிறப்பு. வெள்ளைச் சதை, புளிப்பும் வாசமும் தூக்கல். ஆனால் சமைத்தால் கூழாகும், ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் மொறுமொறுப்பு இராது. கேட்டவுடன் எல்லோரும் ஓடும் ஹனிகிறிஸ்ப், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1991இல் வெளிவந்தது. கடிக்க அருமைதான், விலையும் அதிகம். சமையலுக்கு அதை வாங்குவது வீண் என்பது என் கருத்து. பை செய்யவும், கறி வைக்கவும், குளிர்காலம் முழுவதும் வைத்திருக்கவும் நோதேர்ன் ஸ்பைக்கு நிகர் எதுவும் இல்லை. பார்வைக்கு அழகில்லாத, கோடுகோடான பழம் என்பதால் இளைய தோட்டக்காரர்கள் அதை நடுவது குறைந்துவருகிறது. காய்க்கத் தொடங்க ஆண்டுகள் பல எடுக்கும் மரம் அது. நீங்கள் போகும் தோட்டத்தில் இருந்தால், பிந்திய பருவத்தில் இன்னொரு முறை போய் ஒரு பெட்டி வாங்குங்கள்.

திரும்பும் வழியில் வீட்டு வாசல் கடைகளில் நிறுத்துங்கள். காசு மாற்றித் தரச் சிறு பிள்ளைகள்தாம் இருப்பார்கள். சில இடங்களில் ஒருவரும் இல்லாமல் பூட்டிய தகரப்பெட்டி மட்டும் இருக்கும், விலைப்படி காசைப் போட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து டொலர், இரண்டு டொலர் என்று சில்லறை வைத்திருங்கள், அட்டை செல்லாது. இங்கே வாங்க வேண்டியது பூசணி. முகம் செதுக்கும் செம்மஞ்சள் பூசணி நார்நாராக, நீராக இருக்கும். அதை வாங்கிக் கறி வைத்துவிட்டுக் கனடாப் பூசணிக்கு ருசியில்லை என்று சொல்கிறவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். கரும்பச்சைத் தோலும் தட்டையான உருவமும் கொண்ட பட்டர்கப், கபோச்சா ஆகிய வகைகளே மாச்சத்து மிகுந்து, நம் ஊர்ப் பூசணிக்கு மிக நெருங்கி வருகின்றன. தேங்காய்ப்பாலும் பச்சைமிளகாயும் மிளகும் போட்டு வைக்கும் வெள்ளைக்கறிக்கு அவற்றையே எடுங்கள். தோல் சீவ இலகுவான பட்டர்நட், குழம்புக்கும் சூப்புக்கும் போதும். காம்பு உலர்ந்து தக்கைபோல் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சைக் காம்புள்ளது முற்றவில்லை, காம்பு ஒடிந்தது சீக்கிரம் அழுகும்.

இந்த வாசல் கடைகளில் செலவிடும் பத்து டொலருக்கு, பேரங்காடியில் செலவிடும் பத்து டொலரைவிடப் பெறுமதி அதிகம் என்று நான் நம்புவதற்குக் காரணம் உண்டு. வாட்டர்லூ நகரமும் கிச்சினரும் வேகமாக வளர்கின்றன, விளைநிலத்தின்மேல் நெருக்கடி இருந்துகொண்டே இருக்கிறது. 2024இல் தெற்கே வில்மொட் டவுன்ஷிப்பில் 770 ஏக்கர் விளைநிலத்தைத் தொழில்துறைக்காக ஒன்றுசேர்க்கப் பிராந்திய நிர்வாகம் முற்பட்டபோது, அங்கிருந்த கமக்காரர்கள் பகிரங்கமாக எதிர்த்து நின்றார்கள். கமம் வருமானம் தரும்வரைதான் அடுத்த தலைமுறை நிலத்தில் நிற்கும்.

பெற்றோருக்கு நடக்கச் சிரமமாக இருந்தால் பிற்பகலில் இரண்டு இடங்களை மாற்றாக வைத்திருங்கள். செயின்ட் ஜேக்கப்ஸுக்கும் எல்மைராவுக்கும் இடையே பழைய புகைவண்டிப் பெட்டிகளில் போய்வரும் ஒரு மரபுத் தொடருந்து இருக்கிறது. ஓடும் நாள்களை முன்னரே பார்த்துச் சீட்டு எடுங்கள். மற்றையது, கிராண்ட் ஆற்றின்மேல் வெஸ்ட் மொன்ட்றோஸில் உள்ள கூரை வேய்ந்த மரப்பாலம். 1881இல் கட்டியது, ஒன்ராறியோவில் எஞ்சியிருக்கும் இவ்வகைப் பழைய பாலம் அது ஒன்றே. ஒக்டோபர் நடுப்பகுதியில் மாலை ஆறரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும், மறைந்தவுடன் குளிர் சட்டென்று இறங்கும். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு மதியம் வெயிலைப் பார்த்துத் தேவையில்லை என்று தோன்றினாலும் தலைக்குத் தொப்பியும் கம்பளிச் சட்டையும் வாகனத்தில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பிளைக் கழுவாமல், அடிபட்டவற்றை வேறாக்கி, நல்லவற்றைத் துளையிட்ட பையில் போட்டுக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். அப்பிளிலிருந்து வெளியாகும் எதிலீன் வாயு கரட்டைக் கசக்கச் செய்யும், கீரையை மஞ்சளாக்கும், ஆகவே மரக்கறிகளோடு சேர்க்க வேண்டாம். பூசணிக்குக் குளிர்பெட்டி ஆகாது. நிலவறையில் பத்துப் பன்னிரண்டு பாகை செல்சியஸ் உள்ள உலர்ந்த மூலையில், ஒன்றோடொன்று முட்டாமல் வைத்தால் நத்தார் தாண்டியும் இருக்கும். அடிபட்ட அப்பிள்களை அன்றிரவோ மறுநாளோ முடித்துவிடுங்கள். புளிப்பான இனமாக இருந்தால் தோலோடு நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் மஞ்சளும் கடுகும் சேர்த்து மாங்காய்க்குப் போடுவதுபோல் அச்சாறு போடலாம். இனிப்பான இனமாக இருந்தால் சைடரில் மெல்லிய தீயில் வேகவைத்துச் சுண்டவிடுங்கள். வீட்டு அடுப்பிலும் மூன்று நான்கு மணிநேரத்தில் ஒரு சிறு போத்தல் அப்பிள் பட்டர் கிடைக்கும். ஒருவர் மட்டும் அடுப்படியில் நிற்காமல், துடுப்பை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்ள வீட்டில்தான் இத்தனை பேர் இருக்கிறீர்களே.